நான்கு புது டயர்கள்

வாசகர் கேள்வி:

ஐயா, நான் ஒரு மருத்துவமனையில் செவிலியர். வீட்டிலிருந்து பணியிடம் 11 கிலோமீட்டர். மாதத்தில் பத்து நாள் இரவுப் பணி. நள்ளிரவு தாண்டி இரு சக்கர வண்டியில் தனியாகத் திரும்புவதை இனித் தொடர முடியாது என்று முடிவு செய்துவிட்டோம். கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. மாமனாருக்கு முழங்கால் வலி. ஏழு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். இதுதான் எங்கள் முதல் கார்.

என் அண்ணன், 'பழைய கார் வாங்குவது அடுத்தவர் தலைவலியைக் காசு கொடுத்து வாங்குவது. பத்து சதவீதம் முன்பணம் கட்டிவிட்டு, மீதியை ஏழு வருடக் கடனாக வாங்கிப் புதுக் கார் எடு' என்கிறார். கணவரோ, 'ஷோரூம் வாசலைத் தாண்டினாலே விலை இறங்குகிற பொருளுக்குக் கடன் எதற்கு? கையில் இருக்கும் சேமிப்பில் பழையதை வாங்கு' என்கிறார். எங்கள் சேமிப்பு, புதுக் காரின் விலையில் ஏறத்தாழ 60 சதவீதம்.

ஒரு காரைப் பார்த்தும் வைத்திருக்கிறோம். நான்கு வருடம் ஆன பெட்ரோல் கார், ஒரே உரிமையாளர், 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. புதிதின் விலையில் 55 சதவீதம் கேட்கிறார். 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அலுவலகத்துக்கு அவர் ஒருவர் மட்டும் தினமும் போய்வந்த வண்டி என்பதால் பின் இருக்கை புதிதுபோல் இருக்கிறது. நான்கு டயரையும் போன மாதம்தான் மாற்றினாராம். அதுவும் எங்களுக்கு லாபம்தானே? அடுத்த வாரத்துக்குள் முடிவு சொல்லும்படி கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்:

சகோதரி, நீங்கள் லாபக் கணக்கில் எழுதிய அந்த நான்கு புது டயர்களிலிருந்தே தொடங்குகிறேன். கடிதத்தை முதல் முறை படித்தபோதே என் கண் அங்கேதான் நின்றது.

ஒரு சாதாரணக் காரின் டயர், ஓட்டுபவர் முரடராக இல்லாவிட்டால், 40,000 முதல் 60,000 கிலோமீட்டர் வரை தாங்கும். புது டயரின் பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆழம், அது 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் சாலையில் ஓடக்கூடாது என்பது பல நாடுகளில் சட்டம். 38,000 கிலோமீட்டரில் நான்கு டயரும் ஒன்றாகத் தேய்ந்து தீர்ந்தன என்றால், சக்கரங்கள் நேராக நிற்கும் கோணம், அதாவது அலைன்மென்ட், கெட்டு நெடுநாள் யாரும் கவனிக்காமல் ஓட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி 38,000-க்கு மேல் ஓடியிருக்க வேண்டும். பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று நல்ல டயர்களையே கழற்றிவிட்டுப் புதிது போட்டிருக்கவும் கூடும். ஆனால் விற்கப்போகிற காருக்கு அப்படிச் செலவு செய்கிற மனிதர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இப்போது அவர் வாயாலேயே சொன்ன இன்னொரு தகவலுக்கு வாருங்கள். அலுவலகம் 30 கிலோமீட்டர். போகவர 60. வருடத்தில் 240 வேலை நாள் என்று வைத்தால் 14,400. நான்கு வருடத்துக்கு 57,600. கடைக்குப் போனது, ஊருக்குப் போனது எதையும் இதில் சேர்க்கவில்லை. மீட்டர் காட்டுவது 38,000. ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் எங்கே போனது?

அவரைப் பொய்யர் என்று நான் சொல்லவில்லை. ஒரு வருடம் வீட்டிலிருந்தே வேலை பார்த்திருக்கலாம். பாதி நாள் ரயிலில் போயிருக்கலாம். ஆனால் டயரும் தூரமும் சேர்ந்து ஒரே திசையைக் காட்டுகின்றன. 57,000-ஐ ஒட்டி ஓடிய காருக்கு நான்கு டயரும் மாற்றும் நேரம் சரியாக வந்திருக்கும். டிஜிட்டல் மீட்டரைத் திருத்த முடியாது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது பழைய சக்கர மீட்டரைவிட எளிது. தெரிந்தவர் கையில் ஒரு சிறு கருவி இருந்தால் சில நிமிட வேலை. பல கார்களில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டுமல்லாமல் வேறு கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் பதிவாகிறது. அங்கெல்லாம் திருத்த மறந்துவிடுகிறவர்களும் உண்டு. நல்ல ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கால் அதைப் படிக்க முடியும்.

அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: சர்வீஸ் ரசீதுகள். ஒவ்வொரு ரசீதிலும் தேதியும் அன்றைய கிலோமீட்டரும் இருக்கும். நான்கு வருட ரசீதுகளை வரிசையாக அடுக்கினால் அந்தக் காரின் வாழ்க்கை உங்கள் மேசைமேல் விரிந்துவிடும். 'எல்லாம் எங்கேயோ வைத்துவிட்டேன்' என்றால், சர்வீஸ் செய்த இடத்தில் கணினிப் பதிவு இருக்கும். அவரே ஒரு தொலைபேசி அழைப்பில் வாங்கித் தரலாம். தர மறுத்தால் வேறு கார் பாருங்கள். 'அடுத்த வாரத்துக்குள் சொல்லுங்கள்' என்ற அவசரத்துக்கும் என் பதில் அதுவே.

சரி, அண்ணனா, கணவரா என்ற உங்கள் பெரிய கேள்விக்கு வருவோம். பணக் கணக்கில் உங்கள் கணவர் பக்கம்தான் நியாயம் அதிகம். எவ்வளவு அதிகம் என்று பார்த்துவிடுவோம்.

புதுக் காரின் விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடத்தில்தான் மதிப்பு செங்குத்தாக இறங்கும். ஐந்தில் ஒரு பங்கு போவது சாதாரணம். பிறகு இறக்கம் மெல்ல மெல்லத் தணியும். நீங்கள் பார்த்த காரின் விலையையே வைத்துக் கணக்கிட்டால், நான்காம் வருட முடிவில் மதிப்பு 55. எட்டாம் வருடம் 30 என்று வைப்போம். புதுக் காரை வாங்கி நான்கு வருடம் ஓட்டுபவருக்கு 45 போகிறது. அதே காரை 55-க்கு வாங்கி அடுத்த நான்கு வருடம் ஓட்டுபவருக்கு 25 போகிறது.

இதன் மேல் கடன் வருகிறது. அண்ணன் சொன்னபடி 10 கட்டி 90 கடன் வாங்குகிறீர்கள். ஆண்டு வட்டி 9 சதவீதம் என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால், ஏழு வருட முடிவில் நீங்கள் திருப்பிக் கட்டியிருப்பது ஏறத்தாழ 122. அதில் முதல் நான்கு வருடத்துக்குள்ளேயே வட்டியாக மட்டும் 25 போய்விடும். ஆக, நான்கு வருடம் புதுக் கார் ஓட்டியதற்கு 45-உம் 25-உம் சேர்ந்து 70. பழைய காருக்கு 25. அதன்மேல் பேட்டரி, பிரேக், கிளட்ச், சஸ்பென்ஷன் என்று தாராளமாக ஒரு 10. சேமிப்பை எடுத்துவிட்டதால் இழக்கும் வட்டிக்கு நேர்மையாக இன்னொரு 10. மொத்தம் 45. வழக்கமான சர்வீசும் பெட்ரோலும் இரண்டுக்கும் உண்டு என்பதால் விட்டுவிட்டேன். இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் புதுக் காருக்கே கூடுதல், அதையும் விட்டுவிட்டேன். அப்படியும் வித்தியாசம் 25. ஒரு புதுக் காரின் கால் பங்கு.

வட்டி விகிதத்தையும் விலை இறக்கத்தையும் உங்கள் சந்தை நிலவரப்படி மாற்றிப் போட்டுப் பாருங்கள். சில மாடல்கள் மதிப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், சில தண்ணீராய் இறங்கும். சந்தையே தலைகீழாகும் காலமும் உண்டு. 2021-ல் சிப் தட்டுப்பாட்டால் புதுக் கார் உற்பத்தி குறைந்தபோது, பல நாடுகளில் ஒரு வருடம் ஆன காரின் விலை புதியதன் விலையைத் தொட்டுவிட்டது. அப்படிப்பட்ட சமயத்தில் பழையதை வாங்குவதில் பொருளே இல்லை. ஒன்றிரண்டு வருடக் காருக்கும் புதிதுக்கும் இடைவெளி 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு புதிதை எடுக்கச் சொல்வது என் வழக்கம்.

ஏழு வருடக் கடனில் இன்னொரு சங்கடம், பலருக்கு விபத்து நடந்த பிறகுதான் தெரிகிறது. மேலே போட்ட கணக்கில் முதல் வருட முடிவில் கடன் பாக்கி 80. காரின் மதிப்பும் 80. அதற்கு முந்தைய மாதங்களில் பாக்கிதான் அதிகம். அந்த நேரத்தில் கார் மொத்தமாகச் சிதைந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் பொதுவாகக் கொடுப்பது அன்றைய மதிப்பைத்தான். வங்கி கேட்பது பாக்கியை. நடுவில் விழும் பள்ளத்தை உங்கள் சம்பளத்தால்தான் நிரப்ப வேண்டும். புதிதுதான் என்று முடிவெடுத்தால், முன்பணத்தை 40-க்கு உயர்த்திக் கடனை நான்கு வருடத்தோடு நிறுத்துங்கள். அந்த மாதத் தவணை கட்டுப்படியாகவில்லை என்றால் அந்தக் கார் உங்களுக்குக் கட்டுப்படியாகாது என்றே பொருள். தவணையை நீட்டி அதை மறைக்க வேண்டாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு உங்கள் அண்ணனுக்கும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். 'அடுத்தவர் தலைவலி' என்று அவர் சொன்னதைப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-லேயே ஒரு கட்டுரையில் எழுதிவிட்டார். விற்பவருக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாதவர் பயந்து சராசரி விலைதான் கொடுப்பார். சராசரி விலைக்கு நல்ல காரைக் கொடுக்க அதன் உரிமையாளருக்கு மனம் வராது. அவர் விற்காமல் வைத்துக்கொள்வார். சந்தையில் மிஞ்சுவது பழுதான கார்கள். அகர்லாஃபுக்கு 2001-ல் நோபல் பரிசு கிடைத்தது இந்த வழியில் வந்த ஆய்வுகளுக்காகத்தான். 26 வருடமாக, முதலில் பட்டறையிலும் இப்போது வாங்குபவர்கள் சார்பில் கார்களைச் சோதித்துச் சொல்லும் வேலையிலும் இருக்கிற எனக்கு அந்தக் கட்டுரையில் சொன்னது அன்றாட அனுபவம். ஆனால் அதற்குள்ளேயே மருந்தும் இருக்கிறது. விற்பவருக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்துவிட்டால் அந்தத் தலைவலிக்கு அங்கே இடமில்லை. ரசீதுகளைக் கேட்கச் சொன்னதும், இனிக் கீழே சொல்லப்போவதும் அதற்காகத்தான்.

காரைப் பார்க்கக் காலையில் போங்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டு. போனதும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பானெட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், உங்களுக்காக இஞ்சினை முன்பே ஓடவிட்டிருக்கிறார். குளிர்ந்த இஞ்சின்தான் உண்மை பேசும். சூடான இஞ்சினில் தேய்மானத்தின் சத்தமும் முதல் புகையும் அடங்கிப்போயிருக்கும். நன்றாக ஆறவிட்டு வேறொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். இஞ்சின் ஆறியிருந்தால் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் பசைபோல் ஒட்டியிருந்தால், இஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஆயிலோடு கலந்திருக்கலாம். குளிர் நாட்களில் மிகக் குறுகிய தூரம் மட்டுமே ஓடும் காரிலும் கொஞ்சம் ஈரப்பசை சேரும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவு கட்டாமல் கூலன்ட் தொட்டியில் எண்ணெய் மிதக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பிறகு சாவியை, இஞ்சின் ஓடத் தொடங்குவதற்கு முந்தைய நிலை வரை திருப்புங்கள். பட்டன் உள்ள வண்டியாக இருந்தால் பிரேக்கை மிதிக்காமல் அழுத்துங்கள், தேவைப்பட்டால் இரண்டு முறை. இஞ்சின் ஓடக்கூடாது. எச்சரிக்கை விளக்குகள் அத்தனையும் எரிய வேண்டும். ஏர்பேக் விளக்கு, பிரேக் விளக்கு, இஞ்சின் விளக்கு, எல்லாம். பிறகு இஞ்சினை ஓடவிட்டதும் ஒவ்வொன்றாக அணைய வேண்டும். அணையாத விளக்கைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள், எரியவே எரியாத விளக்கைக் கவனிப்பதில்லை. ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை என்றால், கோளாறு தெரியாமலிருக்க யாரோ அதைத் துண்டித்திருக்கலாம். ஏர்பேக் வெடித்த காரைத் தட்டி நிமிர்த்தி, உள்ளே வெறும் மூடியைப் பொருத்தி விற்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

புகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகிறது. இஞ்சின் சூடான பிறகும் நிற்காத அடர்ந்த வெள்ளை என்றால் கூலன்ட் எரிகிறது. மூன்றில் கடைசிதான் பர்ஸைக் காலி செய்வது.

இனி சீட் பெல்ட். இதற்குப் பின்னால் என் அவமானக் கதை ஒன்று இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் நெருங்கிய நண்பருக்காக ஒரு வெள்ளைக் காரைப் பார்க்கப் போனேன். பளபளவென்று இருந்தது. வெளியே தூறல்; வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கச் சோம்பல். நண்பருக்கோ கார் பிடித்துப்போய்விட்டது. அரை மணி நேரத்தில் 'எடுத்துக்கொள்' என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது வாரம் ஜன்னல் கண்ணாடி இறங்க மறுத்தது. அடுத்து ஒரு பக்க முகப்பு விளக்கு. பிறகு ஓடிக்கொண்டிருக்கும்போதே டாஷ்போர்டு முழுவதும் அணைந்துபோனது. பட்டறைக்குக் கொண்டுவந்து, ஓட்டுநர் பக்க சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி இரண்டடியில், துல்லியமாக ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே செம்மண் நிறம், மேலே கறுப்பு. வெள்ளத்தில் நின்ற கார். தரைவிரிப்பைத் தூக்கினால், இருக்கைக்கு அடியில் போகும் ஒயர் இணைப்புகள் பச்சை பூத்துக் கிடந்தன. உள்ளே யார் வேண்டுமானாலும் கழுவி மெருகேற்றலாம்; பெல்ட்டின் அடிப்பகுதியைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை. அந்த நண்பர் இன்றுவரை என்னைக் குறை சொன்னதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய தண்டனை. இப்போதெல்லாம் எந்தக் காரில் ஏறினாலும் முதல் வேலையாக நான்கு பெல்ட்டையும் முழுக்க இழுக்கிறேன். நீங்களும் இழுங்கள். டிக்கியின் அடித்தட்டைத் தூக்கி மூலைகளில் வண்டல் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள்.

விபத்தில் அடிபட்டதா என்பதைப் பெயின்டைவிட போல்ட்டுகள் நன்றாகச் சொல்லும். பானெட்டையும் முன்பக்க மட்கார்டையும் பிடித்திருக்கும் போல்ட்டின் தலையில் பெயின்ட் உடைந்து ஸ்பேனர் தடம் தெரிந்தால், அது ஒரு முறை கழற்றப்பட்டிருக்கிறது. எதற்காக என்று கேளுங்கள். சின்ன உரசலுக்கு ஒரு பக்கம் பெயின்ட் அடித்திருந்தால் பெரிய விஷயமில்லை. சேஸிஸ் வளைந்து நிமிர்த்தப்பட்டிருந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

இதையெல்லாம் பார்த்த பிறகும், தனிப்பட்ட மெக்கானிக் ஒருவரிடம் காரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லிக் காசு கொடுங்கள். விற்பவர் கைகாட்டும் மெக்கானிக் வேண்டாம். ஸ்கேனர் போடும்போது, கோளாறுக் குறியீடு இல்லை என்பதோடு திருப்தி அடையாமல், காரின் சுயபரிசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். முந்தின நாள் யாராவது குறியீடுகளை அழித்திருந்தால் அந்தப் பரிசோதனைகள் பாதியில் நிற்கும். இஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பது டைமிங் பெல்ட்டா, செயினா என்றும் கேளுங்கள். பெல்ட் என்றால், தயாரிப்பாளர் சொன்ன கிலோமீட்டரில் அல்லது வருடத்தில் மாற்றியதற்கு ரசீது வேண்டும். பல இஞ்சின்களில் அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். அதன் பிறகு பழுது பார்ப்பதா, இஞ்சினையே மாற்றுவதா என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

காரின் 17 எழுத்து அடையாள எண்ணையும் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளர் திரும்ப அழைத்த பட்டியலில் அது இருக்கிறதா என்று விசாரியுங்கள். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் விவகாரம் நினைவிருக்கலாம். வெப்பத்திலும் ஈரத்திலும் உள்ளிருக்கும் வேதிப்பொருள் கெட்டு, விபத்தின்போது ஏர்பேக்கின் உலோகக் கூடு வெடித்துச் சிதறியது. உலகெங்கும் ஏறத்தாழ 10 கோடி ஏர்பேக் கூடுகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017-ல் அந்த நிறுவனமே திவாலானது. இப்படிப்பட்ட அறிவிப்புக் கடிதங்கள் பல சமயம் பழைய உரிமையாளரின் முகவரிக்கே போய்விடும். அதனால் கைமாறிய கார்கள் சரிசெய்யப்படாமலே ஓடிக்கொண்டிருக்கலாம். சரிசெய்வது பெரும்பாலும் இலவசம், கேட்கத்தான் ஆளில்லை.

உங்கள் கடிதத்தில் பணத்தைப் பற்றி மூன்று வரி இருந்தது. நள்ளிரவில் தனியாக ஓட்டுவதைப் பற்றி ஒரே ஒரு வரி. எனக்கு அந்த ஒரு வரிதான் பெரிதாகப் படுகிறது. நடுவழியில் நிற்காத கார் வேண்டும். வழுக்கினாலும் உங்களைக் காப்பாற்றும் கார் வேண்டும்.

முதலாவதைப் பற்றி ஆறுதலான செய்தி: காரை வழியில் நிறுத்துபவை பெரும்பாலும் சின்னச் சாமான்கள்தான். பேட்டரி, டயர், பெல்ட், கூலன்ட் குழாய். பேட்டரியின் ஆயுள் மூன்றிலிருந்து ஐந்து வருடம். நான்கு வருடக் காரில் பழைய பேட்டரியே இருந்தால் வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில், இஞ்சின் ஆயில், கூலன்ட், வைப்பர் ரப்பர் ஆகியவற்றையும் அப்போதே. இதற்காகத்தான் சேமிப்பு முழுவதையும் காருக்கே கொட்ட வேண்டாம் என்கிறேன். உங்களிடம் 60 இருக்கிறது, அவர் கேட்பது 55. பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ் போனால் கையில் ஒன்றும் மிஞ்சாது. 50-க்குள் முடிகிற காரைத் தேடுங்கள். இல்லை, இதையே 50-க்குப் பேசுங்கள். மிச்சம் முதல் வருடச் செலவுக்கு.

இரண்டாவது, பாதுகாப்பு. வண்டி வழுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிரேக் பிடித்து நேராக்கும் இஎஸ்சி அமைப்பு 1995 வாக்கில் விலை உயர்ந்த கார்களில் வரத் தொடங்கியது. அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்தும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 முதலும் எல்லாப் புதுக் கார்களுக்கும் அது கட்டாயம். இது கட்டாயமில்லாத சந்தைகளில், மலிவான புதுக் காரில் இல்லாத இஎஸ்சியும் பக்கவாட்டு ஏர்பேக்குகளும் அதே விலைக்குக் கிடைக்கும் நான்கு வருடப் பெரிய காரில் இருக்கும். பழைய காரின் வாதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சாவியைத் திருப்பும்போது, வளைந்து வளைந்து போகும் இரண்டு தடங்களோடு ஒரு குட்டிக் கார் படம் எரிந்து அணைந்தால் அந்த அமைப்பு இருக்கிறது என்று பொருள். மோதல் சோதனையில் எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பவர்கள், எந்த வருடத்துச் சோதனை என்றும் பார்க்க வேண்டும். சோதனை விதிகள் காலப்போக்கில் கடுமையாகிக்கொண்டே வந்திருக்கின்றன. 2012-ன் ஐந்து நட்சத்திரமும் 2022-ன் ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல.

மாமனாரையும் ஒரு முறை கூட்டிக்கொண்டு போங்கள். ஏறி இறங்கும்போது அவர் முழங்கால் என்ன சொல்கிறது என்பதை எந்த விளம்பரமும் சொல்லாது. இருக்கை மிகத் தாழ்வாக இருந்தால் எழுவது கஷ்டம், மிக உயரமாக இருந்தால் ஏறுவது கஷ்டம்.

டீசல் வேண்டாமா என்று யாராவது கேட்பார்கள். தினமும் 22 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு வேண்டாம். புதிய டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது சூடேறி அந்தக் கரியை எரித்துத் தள்ள நீண்ட ஓட்டம் வேண்டும். குறுகிய ஓட்டத்தில் அடைத்துக்கொள்ளும். மின்சாரக் கார் உங்கள் தூரத்துக்குப் பொருந்தும், வீட்டிலேயே சார்ஜ் செய்ய இடம் இருந்தால். பழையதாக வாங்கினால் பேட்டரியின் உத்தரவாதம் எத்தனை வருடம் பாக்கி என்பதுதான் முதல் கேள்வி. பல தயாரிப்பாளர்கள் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் கொடுக்கிறார்கள்.

ஆக, உங்களுக்கு என் யோசனை: மூன்றிலிருந்து ஐந்து வருடத்துக்குள், ரசீதுகளோடு, இஎஸ்சி உள்ள பெட்ரோல் கார், கடன் இல்லாமல், 50-க்குள். இரண்டு மாதம் தேடுங்கள். நான்கு கார்களாவது பார்த்து, மூன்றையாவது வேண்டாம் என்று சொல்லிப் பழகுங்கள். அதற்குள் மனம் ஒப்பும் கார் கிடைக்கவில்லை என்றால், அண்ணன் பேச்சைப் பாதி கேளுங்கள்: அவர் சொல்வதைவிடச் சிறிய புதுக் கார், அதே பாதுகாப்புச் சாமான்களோடு, பெரிய முன்பணம், நான்கு வருடக் கடன். பத்துப் பன்னிரண்டு வருடம் ஒரே காரை வைத்து ஓட்டும் குணம் உங்களுக்கு இருந்தால் அதுவும் மோசமான பேரம் இல்லை. முதல் வருட இறக்கம் பன்னிரண்டு வருடத்தில் கரைந்துவிடும். பட்டறைக்கு அலைய உங்கள் பணி நேரம் இடம் கொடுக்காது என்று தோன்றினாலும் தாராளமாகப் புதிதை எடுக்கலாம். மன நிம்மதிக்குக் கொடுத்த விலை என்று எண்ணி அந்த 25-ஐ மறந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் பார்த்த அந்தக் காரை நான் இன்னும் தள்ளிவிடவில்லை. ரசீதுகள் 57,000 என்று சொல்லி, அவரும் அதை ஒப்புக்கொண்டு விலையைக் குறைத்தால், அடிபடாத நான்கு வருடக் காருக்கு 57,000 ஒரு குறையே இல்லை. மீட்டரைத் திருத்தியிருந்தால் மட்டும் வேண்டாம். அதில் கைவைத்தவர் வேறு எதில் கைவைத்தார் என்று தேடிக்கொண்டிருக்க முடியாது.

ரசீது கேட்பதற்கு முன்பே நீங்களாகச் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை வெளியே எடுங்கள். அதன் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-ன் 23-ஆம் வாரம் வார்க்கப்பட்டது. அது கார் பிறந்த வருடத்தோடு ஒத்து, ரப்பர் முடிகள்கூட உதிராமல் இருந்தால், பாவம், நான்கு வருடமும் அது தூங்கியிருக்கிறது, ஒன்றும் சொல்லாது. ஆனால் பலர் டயர் மாற்றும்போது கழற்றிய பழைய நான்கில் சுமாரான ஒன்றை ஸ்டெப்னியாகப் போட்டுக்கொள்வார்கள். அப்படி ஒன்று அங்கே இருந்தால், ஒரு நாணயத்தைப் பள்ளத்தில் நிறுத்தி எவ்வளவு ஆழம் மிச்சம் என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா, இரு பக்கமும் சமமாக வழுவழுவென்று ஆகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் அலைன்மென்ட். மனிதர் சொன்ன 38,000 உண்மையாகவே இருக்கலாம். சமமாக என்றால், அந்த 20,000 கிலோமீட்டர் எங்கே போனது என்று அவரிடமே கேட்டுவிடலாம்.